கூறைத் தறியில் யார்?

கதவு தட்டப்பட்டது. உடனே தறி நின்றது.

வடிவாம்பாள் நூல் ஓடத்தைப் பாவு இழைகளின்மேல் வைத்துவிட்டுத் தறிக்குழியிலிருந்து கால்களை வெளியே எடுத்தாள். அவள் எடுத்த வேகத்திலேயே அவள் அண்ணன் சபாபதி முதலியார் குழிக்குள் இறங்கினார். வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் அடுக்களைக்குள் போய்ச் சேரவும், அவர் மிதியில் கால் வைத்து "யாரது?" என்று குரல் கொடுக்கவும் சரியாக இருந்தது. ஆறு வருஷப் பழக்கம். கோயிலில் மணியும் தீபாராதனையும்கூட இவ்வளவு ஒத்துப்போனதில்லை. தறியின் வலப்பக்கம் உட்கார்ந்து கரை ஓடம் போடுகிற முதலியாரின் மனைவி பூவம்மாள் மட்டும் அசையவில்லை. அவள் சுமங்கலி, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

"நான்தான்பா, சிட்டிபாபு" என்றான் பக்கத்து வீட்டுக்காரன், கதவுக்கு அந்தப் புறத்திலிருந்து. "சர்க்கார் இன்ஸ்பெக்டர் ஜட்கா தெரு முனையில திரும்பிச்சு. உன் வீட்டத்தான் விசாரிச்சுக்கினு வராரு. இன்னா செஞ்சே?"

"நான் இன்னா செஞ்சேன்?" என்றார் முதலியார். அந்த வீட்டில் அவர் உண்மையாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

சென்னையில் சுதேசி மந்திரிகள் நாற்காலி ஏறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாட்டுக்கு வேண்டிய சரக்கு நாட்டிலேயே உற்பத்தியாக வேண்டும், ஒவ்வொரு கைக்கும் வேலை வேண்டும் என்று சந்தைச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெரு அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பயந்தது. வெள்ளைக்காரன் கெடுதல் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெருவுக்குத் தெரியும். நல்லது செய்கிறேன் என்று ஒரு சர்க்கார் வாசலில் வந்து நிற்பது முன் பழக்கமில்லாத விஷயம். தறியை எண்ணினால் வரிக்கு, ஆளை எண்ணினால் பட்டாளத்துக்கு, இரண்டையும் எண்ணினால் இரண்டுக்கும் என்று சிட்டிபாபு தீர்ப்புச் சொல்லிவிட்டான். எண்ண வந்த குமாஸ்தா போன வருஷம் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர். இந்த வருஷம் கதர். உள்ளே இருக்கும் ஆள் மாறவில்லை என்பதையும் தெரு கவனித்து வைத்தது.

முதலியாருக்கும் சந்தேகம்தான். ஆனால் அவருடைய ஆசை சந்தேகத்தைவிட ஒரு முழம் நீளம். காஞ்சிபுரத்தில் சர்க்கார் நெசவுக்கூடம் ஒன்று வரப்போகிறது, அதற்கு ஒரு தலைமை நெசவாளி வேண்டும், பொருட்காட்சிக்கு வரும் புடவைகளில் எது உசத்தியோ அதை நெய்த கைக்கே உத்தியோகம் என்றார்கள். முதலியார் ஒரு புடவையை அனுப்பினார். அதற்கே முதலிடம் கிடைத்தது. 'சொந்தக் கையால் நெய்தது' என்று அச்சடித்திருந்த இடத்தில் அவர் ஒப்பமிட்டிருந்தார். ஒப்பம் மட்டும் சொந்தக் கைதான்.

புடவை வடிவாம்பாளுடையது. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டு, பத்தொன்பது வயசில் நெற்றி வெறிச்சென்று திரும்பி வந்தவள். பெண்கள் தறியில் உட்காருவது அந்தத் தெருவில் அதிசயமில்லை. கைம்பெண் கூறைப்புடவைத் தறியைத் தொடுவதுதான் ஆகாது. தொட்டால் அதைக் கட்டிக்கொள்கிற கல்யாணப் பெண்ணின் தாலிக்கு ஆபத்து. ஆனால் முதலியாருக்கு வாய்த்த கையோ நெசவுக்கு ஆகாத கை. நடுவிலே ஒரு நிறம், கரையிலே ஒரு நிறம். இரண்டு இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். புடவை கிழிந்தாலும் கரை பிரியக்கூடாது, அதுதான் கோர்வை. முதலியார் போட்ட கோர்வை, சம்பந்தி வீட்டு உறவு மாதிரி, பார்வைக்குச் சேர்ந்திருக்கும். ஆகையால் கதவைச் சாத்திக்கொண்டு தங்கை நெய்தாள். கதவைத் திறந்துகொண்டு அண்ணன் விற்றார். கூறை கொண்டுபோகும் நெசவாளிக்குக் கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் தாம்பூலம் கொடுப்பது ஊர் வழக்கம். ஆறு வருஷத் தாம்பூலமும் முதலியார் வாயில்தான் சிவந்தது.

இன்ஸ்பெக்டர் சக்ரவர்த்தி ஐயங்கார், பி.ஏ., குனிந்து உள்ளே வந்தார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். கதர்ச் சட்டை கஞ்சி மொடமொடப்போடு அவருக்கு முன்னால் நடந்து வந்தது. தறியில் ஏறியிருந்த அரக்குப் புடவையும் அவர் வீட்டுடையதுதான். பொருட்காட்சிப் புடவையைப் பார்த்த அன்றே மகள் ஹேமாம்புஜத்துக்குக் கூறை நெய்யச் சொல்லியிருந்தார். முகூர்த்தத்துக்கு எட்டு நாள் பாக்கி. சர்க்கார் காரியத்தையும் சொந்தக் காரியத்தையும் ஒரே ஜட்காவில் முடிப்பது சிக்கனம் அல்லவா?

"முதலியாரே, எனக்கு யார்மேலயும் சந்தேகம் கிடையாது" என்றார். "ஆனா எல்லாரையும் சோதிக்கணும்னு உத்தரவு. ஓடத்துக்கு எது தலை, எது வால்னு தெரியாதவனெல்லாம் மனுப் போட்டிருக்கான். நாலு விரக்கடை நெய்யுங்கோ, பார்க்கறேன்."

முதலியார் கபாலீசுவரர் முதல் கச்சபேசுவரர் வரை ஒரு சுற்று கும்பிட்டுவிட்டு மிதித்தார். தறி கிளம்பியது. டக், ஒரு நிறுத்தம், டடக், மறுபடியும் நிறுத்தம்.

வாசலில் அதற்குள் தெருவே கூடியிருந்தது.

"இன்னாபா, தறி நொண்டுது?"

"அவுரு நெய்யறாருபா."

"அப்பிடி சொல்லு."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "மத்த நாள்லே யார் நெய்யறா?"

தெருவுக்குச் சட்டென்று காது கேளாமல் போயிற்று. சிட்டிபாபு வானத்தைப் பார்த்தான்.

"அதிகாரியப் பார்த்ததும் கை நடுங்குதுங்க சாமி" என்றார் முதலியார். பூவம்மாள் தன் பக்கத்து ஓடத்தைச் சரியாகத்தான் அனுப்பினாள். ஆனால் ஒற்றைக் கையால் கோர்வை விழாது. அரக்கு உடலுக்கும் பச்சைக் கரைக்கும் நடுவே மெல்ல மெல்ல வெளிச்சம் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் முகத்தில் இருந்த சர்க்கார் மறைந்து பெண்ணைப் பெற்றவர் தெரிந்தார்.

"என்ன ஓய் இது! என் பொண்ணு மணையிலே உட்காரப் போற புடவை!"

"நிறுத்துண்ணா!"

அடுக்களை வாசலில் வடிவாம்பாள் நின்றாள். அதிகாரிக்கு எதிரே வரக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு அவளால் உள்ளே நிற்க முடியவில்லை. "இன்னும் ரெண்டு இழ போட்டா பாவு அறுந்துடும். எழுந்துரு."

முதலியார் எழுந்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தலைகீழ் வரிசையில் அது நடந்தது. அவள் குழியில் இறங்கி, கெட்ட ஊடை இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு மிதித்தாள். தறி நிதானமாக, ஒரே நடையாக ஓடியது.

"ஆங், இதுதான்" என்று வாசலில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

முதலியார் திகைத்துப்போய் வாசலைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஏம்பா, நெசவுத் தெருவுல இருந்துக்கினு கேக்கற கேள்வியா இது?" என்றான் சிட்டிபாபு. "கதவ சாத்துன, சரி. எங்க காத எப்பிடி சாத்துவே? தறி நடையக் கேட்டா யாரு கால்னு தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"எம் பொண்ணு கூறையும் உன் வீட்டுதுதானே. கேட்டா தெரிஞ்சதா ஆயிடும்பா. கேக்காத வரைக்கும் தெரியாது."

சிட்டிபாபுவின் பெண் அந்தக் கூறையைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருந்தாள். அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு வடிவாம்பாளைக் கொல்லைப்புறம் போய் இருக்கச் சொன்னவனும் இவனே. அவள் நெய்த புடவை பந்தலின் நடுவே இருந்தது. அவள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். அரக்குப் புடவையைப் பார்த்தார். மறுபடியும் நகத்தை வைத்தார், நகம் நுழையவில்லை. பொருட்காட்சியில் முதலில் வந்த கை இதுதான் என்பதில் அவருக்கு இப்போது சந்தேகம் இல்லை. அதுதான் கஷ்டம். சந்தேகம் இருந்திருந்தால் மனுவைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம்.

குரலைத் தாழ்த்தினார். "முதலியாரே, உத்தியோகம் உங்க பேர்லேயே இருக்கட்டும். வேலையை இவ பாக்கட்டும். புடவையும் எட்டு நாள்லே முடிஞ்சுடட்டும். மங்கள காரியம் பாருங்கோ. வெளியே தெரியவேண்டாம்."

ஒவ்வொரு கைக்கும் வேலை என்றுதான் நோட்டீஸ் சொல்லியது. பெயரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

தறி நின்றது. இந்தத் தடவை யாரும் கதவைத் தட்டவில்லை.

வடிவாம்பாள் ஓடத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். "பேரு யாருதோ அவுங்களே நெய்யட்டும் சாமி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு உள்ள உல வெச்சது கொதிச்சிக்கினு இருக்குது."

அவள் உள்ளே போய்விட்டாள். பூவம்மாள் ஒரு கணம் புருஷனைப் பார்த்தாள். பிறகு தன் ஓடத்தையும் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீயுமாடி?" என்றார் முதலியார்.

"எனக்கும் ரெண்டு காது இருக்குதுங்க. ஆறு வருஷமா பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கறேன்."

முதலியார் ஒற்றையாகக் குழியில் இறங்கி மூன்று தரம் மிதித்தார். மூன்றாவது மிதிக்கு ஓர் இழை அறுந்தது. "வேண்டாம், விடுங்கோ!" என்று இன்ஸ்பெக்டர் அலறினார். எட்டு நாளில் வேறு கூறை நெய்ய ஊரிலேயே ஆள் கிடையாது. அவர் ஜட்காவைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், மனுக் காகிதத்தை எடுத்துத் தொடைமேல் விரித்தார்.

"உன் பேர் என்னம்மா?"

அந்தத் தறியைப் பற்றி அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

"வடிவாம்பாள்."

'சபாபதி' என்பதை அடித்துவிட்டு அவர் எழுதினார். எழுதியதை ஊதி உலர்த்தினார். எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "எழுதியாச்சு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். புடவையை உங்க அண்ணா கையிலே குடுத்தனுப்பு. எங்க ஆத்துலே தெரியப்படாது" என்றார்.

வடிவாம்பாள் வெளியே வந்து தறிக்குழியில் இறங்கினாள். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டாள்.

"நானே எடுத்துக்கினு வரேன் சாமி. தாம்பூலம் வாங்கிக்கணுமே."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். வாசலில் தெருவே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தது. அவர் போய் ஜட்காவில் ஏறிக்கொண்டார்.

முதலியார் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தப் போனார்.

"தொறந்தே இருக்கட்டும்ணா. வெளிச்சம் வருது."

தறி ஓடியது. அவர் சுவரோரம் குந்திக்கொண்டு, செய்ய ஒன்றுமில்லாத தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் சிட்டிபாபு திரும்பி வந்து, திறந்திருந்த கதவையே இரண்டு தட்டுத் தட்டினான்.

முதலியார் துள்ளி எழுந்து தறியைப் பார்த்து ஓடினார்.

தறி நிற்கவில்லை.