நாற்பத்தோராம் பக்கத்து வீடு

எங்கள் பேட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு கையேடு இருக்கிறது. அறுபத்து நாலு பக்கம், சட்டைப் பையில் அடங்கும். ரயில் நிலையத்தில் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். அதை எழுதிய புண்ணியவான் நான்தான். டோக்கியோவுக்கு வருகிறவர்கள் கண்ணாடிக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களே, குண்டுவீச்சுக்குத் தப்பிய நாலு மரவீடுகளையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நானே நடந்து, நானே வரைபடம் போட்டு எழுதினேன். தெருச் சங்கத்துக்கு நான் தலைவர் வேறு. தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது குராமோச்சி அண்ணன் வீடு. எழுபத்தாறு வயது, தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு தனிக்கட்டை. வாசலில் இருபது தொட்டிகளில் நீலப் பூக்கொடி வளர்த்திருந்தார். நான் அதை எழுதி வைக்க, கையில் கைபேசியோடு கூட்டம் வர ஆரம்பித்தது. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு என் எழுதுபொருள் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏன்யா ஹிஷினுமா, நான் என்ன மிருகக்காட்சி சாலையிலயா இருக்கேன்? நேத்து ஒருத்தி குளியலறை ஜன்னலுக்குள்ள போனை நீட்டுறா. நான் உள்ள பொறந்த மேனிக்கு நிக்கிறேன்."

"அழகான வீடுன்னுதானே எழுதினேன்ணே."

"அவ்ளோ அழகுன்னா நீ வந்து குடியிரு. நான் உன் கடையில படுத்துக்கிறேன்."

பேச்சில் கிண்டல் இருந்தாலும் மனுஷன் நொந்து போயிருந்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த பதிப்பில் கொட்டை எழுத்தில் போட்டேன்: 'இங்கே ஒருவர் வசிக்கிறார். கதவைத் தட்டாதீர்கள். கூப்பிடாதீர்கள். எட்டிப் பார்க்காதீர்கள்.' அதையே நாலு மொழிகளில் பலகையாக அடித்து அவர் கதவிலும் மாட்டினேன்.

வந்தவர்கள் அதை மதித்தார்களோ இல்லையோ, தெருக்காரர்கள் நாங்கள் மதித்தோம். சங்கத்து அறிவிப்பு அட்டை வீடு வீடாகச் சுற்றும். பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து, வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வருவது வழக்கம். பலகை வந்த பிறகு அவர் முறை வரும்போது அட்டையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, செருப்புச் சத்தம்கூட வராமல் திரும்பினோம். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பது எங்கள் ஊரில் திருட்டைவிடக் கேவலம். யாரும் சொல்லித்தர வேண்டாம், தாய்ப்பாலோடு வருகிறது.

ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, சப்போரோவிலிருந்து அவர் மகள் சயோரி போன் செய்தாள்.

"மாமா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து அப்பா போனை எடுக்க மாட்டேங்கிறாரு. போன மாசம்தான் டாக்டர் நெஞ்சுல கோளாறுன்னாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு. நான் மத்தியான விமானத்துல கெளம்பட்டுமா, இல்ல நீங்க ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்றீங்களா? ஒங்களுக்குத்தான் தொந்தரவு."

"இதுல என்னம்மா தொந்தரவு. பாத்துட்டுக் கூப்பிடறேன்."

போனேன். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல்களும் சாத்தியிருந்தன, அந்த வெயிலில். அறிவிப்பு அட்டை கொக்கியிலேயே தொங்கியது. தொட்டி மண் காய்ந்து வெடித்திருந்தது. இத்தனையையும் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அட்டையைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். நேற்றிலிருந்து அடுத்த வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறாரே என்று.

வாசலில் ஒரு வெளியூர்ப் பெண் என் கையேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வயது இருக்கும், தைவான்காரி. எங்கள் பாஷை நன்றாகவே பேசினாள்.

"ஐயா, உள்ள யாரோ சுவத்தைத் தட்டுறாங்க. நான் வந்து பத்து நிமிஷம் ஆச்சு, விட்டு விட்டுக் கேக்குது."

காது கொடுத்தேன். கேட்டது. மரத்தால் இடிக்கிற சத்தம். மூன்று தரம், நிறுத்தி, மறுபடி மூன்று தரம்.

"அவர் தச்சரும்மா. அலமாரி கிலமாரி ஏதாவது அடிப்பார்."

"அலமாரி அடிக்கிற மாதிரி இல்லீங்களே. கதவைத் தட்டிப் பாக்கலாமா?"

"கையில வச்சிருக்கியே, அதுல நாப்பத்தோராம் பக்கத்தைப் படி."

"படிச்சேன். இருந்தாலும்…"

"இருந்தாலும் என்ன இருந்தாலும்? படிச்சவ மாதிரி நடந்துக்கோ. இங்க மனுஷங்க குடியிருக்காங்க."

முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். அவள் சுருங்கிப் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். தெருமுனை வரை போய் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கேயே காவல்காரன் மாதிரி நின்று அவளைக் கண்ணாலேயே விரட்டினேன். பிறகு "அண்ணே" என்று ஒரு தரம் கூப்பிட்டேன், உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. பதில் இல்லை. தட்டக் கை தூக்கிய இடத்தில் என் பலகையே இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நானே தட்டினால், வெளியே வந்து காய்ச்சி எடுத்துவிடுவார் என்று கையை இறக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சயோரியைக் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்காரும்மா. உள்ள தச்சு வேலை நடக்குது, சத்தம் கேட்டுச்சு. அந்த இடியில போன் மணி எங்க கேக்கப் போகுது?"

"அப்பாடா. அப்ப நான் விமானத்துக்குப் பதிவு பண்ணினத ரத்து பண்ணிடறேன் மாமா."

"பண்ணிடு. வீண் அலைச்சல்."

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி போன் வந்தது. அப்பா இன்னும் போனை எடுக்கவில்லை, போலீஸுக்குச் சொல்லிவிட்டேன் என்று இந்தத் தடவை அவள் அழுதுகொண்டே பேசினாள். போலீஸ்காரர் வந்து கதவை உடைத்தார். சங்கத் தலைவர் என்பதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

குளியலறையில் கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உடம்பு இருந்த நிலையை எழுத மாட்டேன். கையில் தண்ணீர் மொள்ளும் மரச்செம்பு. தெருப்பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காரை பெயர்ந்து உள்ளேயிருந்த மூங்கில் பட்டை தெரிந்தது. நான் நின்ற இடத்துக்கு நேர் பின்னால். திங்கட்கிழமை விழுந்தவர் புதன்கிழமை விடியற்காலைதான் போயிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்திருந்தால் ஆஸ்பத்திரி எட்டு நிமிஷம்.

போலீஸ்காரர் நல்ல மனுஷர், எங்கள் பேட்டையிலேயே பிறந்தவர். பெற்ற மகள் மனசு நோகக் கூடாதென்று, "புதன்கிழமை காலையில வழுக்கினாரு, விழுந்ததும் உயிர் போயிடுச்சும்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் சயோரி கறுப்பு உடையில் வீடு வீடாக ஏறினாள், கையில் இனிப்புப் பெட்டிகள். "அப்பாவால உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு. நாத்தம் வேற வந்திருக்கும். மன்னிச்சுக்குங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் இடுப்பை வளைத்தாள். எங்கள் வழக்கம் அது. செத்தவர் கொடுத்த தொந்தரவுக்கு இருப்பவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

என் கடைக்குக் கடைசியாக வந்தாள். பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினாள். நானும் இரண்டு கைகளாலும் வாங்கினேன்.

"நீங்க ஒருத்தராவது போய்ப் பாத்தீங்களே மாமா. கடைசி நாள் வரைக்கும் அப்பா கையில வேலை இருந்துச்சுங்கறதுதான் எனக்கு ஆறுதல். அதை நெனச்சுத்தான் ராத்திரி தூங்குறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சத்தம் பலமா கேட்டுச்சா மாமா? கையில தெம்பு இருந்துச்சா?"

"பலமாத்தாம்மா கேட்டுச்சு" என்றேன்.