மாணவர் தலைவி

ஓட்டு என்றால் என்னவென்று புத்தகத்தை ஒப்பித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பிள்ளைகள் தாங்களே தேர்தல் நடத்திப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள் ஷந்தால் டீச்சர். காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை என்பதால் எழுபத்தேழாம் வருஷப் பொதுத்தேர்தலில் ஊரே ஓட்டுப் போட்டபோது அவள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். அந்த ஏக்கமும் இதில் இருந்திருக்கலாம்.

மறு வருஷம் அவள் வேலை பார்த்த தனியார் பள்ளியில் மாணவர் தலைவருக்குத் தேர்தல் வைத்தாள். பள்ளிக் கமிட்டித் தலைவரின் மகன் தர்மராஜ் நின்றான். எதிர்த்து நின்றவள் கோட்டுச்சேரிமேட்டு மீனவர் வீட்டுப் பெண் அமிர்தம்.

பள்ளித் தண்ணீர்ப் பானையில் மற்ற பிள்ளைகள் டம்ளரால் மொண்டு குடிப்பார்கள். கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளைகள் மட்டும் கையேந்தி நிற்க வேண்டும், வாட்ச்மேன் ஊற்றுவார்.

"நான் ஜெயிச்சா எல்லாரும் மொண்டு குடிக்கலாம்" என்றாள் அமிர்தம். அவ்வளவுதான் அவள் பேச்சு. ஜெயித்துவிட்டாள். அன்று மத்தியானமே டம்ளரை எடுத்து மொண்டாள்.

சாயங்காலம் தலைமையாசிரியர் கோவிந்தராசு ஷந்தாலைக் கூப்பிட்டனுப்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இந்த நாட்டுல ஒங்களுக்கே ஓட்டு கெடையாது. எங்க புள்ளைங்களுக்கு எலெக்‌ஷன் சொல்லிக்குடுக்க நீங்க யாருங்க? கமிட்டி கொதிச்சுப்போயி கெடக்கு."

"புள்ளைங்க போட்ட ஓட்டுங்க சார்..."

"நாளைக்கு பிரேயர்ல நான் பேசிக்கிறேன். நீங்க சும்மா நின்னா போதும்."

வீட்டில் அப்பாவுக்குப் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. வேலை போனாலும் பட்டினி கிடக்கப்போவதில்லை. அப்படியும் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

காலையில் கோவிந்தராசு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஓட்டு எண்ணுனதுல தப்பு நடந்துருக்குன்னு ஷந்தால் டீச்சரே சொல்லிட்டாங்க. தர்மராஜ்தான் தலைவர். எல்லாரும் கைதட்டுங்க."

தான் அப்படிச் சொல்லவே இல்லை என்பது ஷந்தாலின் நாக்கு நுனிவரை வந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்க, சத்தம் பின்வரிசைவரை பரவியது. கோவிந்தராசு திரும்பிப் பார்த்தார். ஷந்தாலும் தட்டினாள்.

அவள் தலை நிமிர்ந்தபோது அமிர்தமும் தட்டிக்கொண்டிருந்தாள். மற்ற எல்லோரும் நிறுத்திய பிறகும், டீச்சரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஓங்கி ஓங்கித் தட்டினாள்.