பூட்டுப் படமும் ஒரு மடலும்

1.

உலகில் எந்த ஆய்வுக் கட்டுரையையும் இதுவரை எவரும் முழுதாகப் படித்ததில்லை. சுருக்கத்தைப் படிக்கிறோம், மேற்கோள் பட்டியலில் சேர்க்கிறோம். மனித அறிவு இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. இதை நிலைநாட்டவே கல்லூரி மலருக்கு இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

[மலராசிரியர் கவனத்துக்கு: கதையை இரண்டாம் பகுதியோடு நிறுத்திவிட்டால் கருத்து பிழைக்கும்.]

2.

கதாநாயகன் என் அறைத்தோழன். பணம் கட்டினால்தான் திறக்கும் என்று தரவுத்தளத்தில் பூட்டிக் கிடக்கும் கட்டுரை எதுவானாலும், எழுதியவருக்கே மடல் போட்டு ஒரு பிரதி கேட்பான். அதனால் அவன் பட்டப்பெயர் 'விண்ணப்பம்'. அவன் வழிமுறைக்குக் 'கையேந்தி ஆராய்ச்சி' என்று நான் வைத்த பெயர் எங்கள் உளவியல் துறை முழுக்கப் பரவியது.

தொடக்கம்: "சோடாபுட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள்..."

வேண்டாம். அவன் கண்ணாடி போடுவதில்லை.

3.

இங்கே அக்கா நுழைந்து கதையைக் கெடுத்தாள். அவள் மகள் வீட்டில் வாயாடி. பள்ளிக்கூடத்தில் ஆண்டு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிவாதம் என்றார் வகுப்பாசிரியை. இப்படியே இருந்தால் அடுத்த வகுப்புக்கு அனுப்ப முடியாது என்றும் பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

"நீ படிக்கிறது இதத்தானடா? ஏதாவது பாரேன்" என்றாள் அக்கா.

'பேசாத குழந்தை' என்று தேடினேன். காது கேளாமை வந்தது. பேசும் கிளி வந்தது.*

"உன் வார்த்தையில தேடாத. அவங்க இதுக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னு பாரு" என்று விண்ணப்பம் தரவுத்தளத்தின் தலைப்புச் சொற்கள் பட்டியலைத் திறந்தான். இதற்கென்று தனிப்பெயரே இருந்தது. அதைப் போட்டதும் ஊர் ஊராக வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் வந்து நின்றார்கள். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் பிள்ளை மட்டுமில்லை என்பதே அவளுக்குப் பாதி மருந்து.

கல்வித் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரை. சுருக்கம் சொன்னது: இது பிடிவாதமல்ல, பயம், ஆசிரியர் செய்ய வேண்டியவை கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

அதற்குக் கீழே பூட்டுப் படம்.

"நான் எழுதட்டுமா, நீயே கையேந்துறியா?" என்றான் விண்ணப்பம்.

* கிளிக் கட்டுரையின் சுருக்கம் அருமை.

4.

முடிவு அ: அவன் எழுதுகிறான், என் மானம் தப்புகிறது.

முடிவு ஆ: மருமகள் மேடையேறிப் பேச, அரங்கம் அதிர...

இரண்டும் நடக்கவில்லை. நான்தான் எழுதினேன். கட்டுரையை எழுதிய, முன்பின் தெரியாத அம்மையார் மறுநாளே முழுக்கட்டுரையை அனுப்பிவைத்து, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தார்.

பேசச் சொல்லாதீர்கள் என்றது கட்டுரை. காலி வகுப்பறையில் வீட்டு ஆளோடு விளையாட விடுங்கள். ஆசிரியர் பக்கத்தில் வேறு வேலை பார்க்கட்டும். குரல் கேட்டாலும் திரும்பக் கூடாது. நான் கொண்டுபோய்க் கொடுத்ததை வகுப்பாசிரியை சிவப்பு மையால் கோடிட்டுப் படித்தார். ஆக, முழுதாகப் படித்தவர்கள் என்னோடு சேர்த்து இரண்டு பேர். (முதல் வாக்கியத்தைத் திருத்த நேரமில்லை.)

மணியடிக்கும் முன், காலி வகுப்பறையில் மருமகளோடு மரக்கட்டை அடுக்கினேன். ஆசிரியை எங்களுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அவள் கட்டையை எடுத்தேன். அவள் கரும்பலகைப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போடா மாமா. அது என்னுது."

ஆசிரியையின் கை நின்றது. பிறகு, ஏற்கெனவே துடைத்த பலகையைத் திரும்பாமல் மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

5.

அடுத்த வகுப்பா, அதே வகுப்பா? பள்ளி இன்னும் சொல்லவில்லை. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு மடல் பாக்கி இருக்கிறது.

'மதிப்பிற்குரிய அம்மா, அவள் பேசினாள். என்னைத் திட்டினாள். உங்களுக்கு எப்படி நன்றி...

உங்கள் மேற்கோள் பட்டியலின் கடைசிக் கட்டுரையும் பூட்டியிருக்கிறது. எழுதியவரின் முகவரி கிடைக்குமா?'