மூணு பேருக்கு ஒரு பரீட்சை

மெடிக்கல் கவுன்சலிங் கடைசிச் சுற்றுப் பட்டியல் வந்தபோது என் பெயர் அதில் இல்லை. வெயிட்டிங்கிலும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மா ஊறவைத்திருந்த துணிகளை அலசிக் கொடியில் போட்டேன். தூறல் விழுந்ததும் எடுத்து உள்ளே போட்டேன். நின்றதும் மறுபடி வெளியே போட்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"அழுதிரு டயானா," என்றாள். "அழுதா போயிரும்."

எனக்கு அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று விளக்கவும் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தேன். தொட்டால் தொட்டது தெரிந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அம்மா இரண்டு பேரிடம், "பிள்ள அழவே மாட்டேங்கு," என்று வியாதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஒருத்தி மந்திரித்த எண்ணெய் தருவதாகச் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் நர்சிங்கில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் போர்ட் பிளேர் போய் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் வகுப்பும் ஆஸ்பத்திரி டியூட்டியுமாக நாள் போய்விடும். நீட் பரீட்சையை மறுபடி எழுதுவது என்பது பேச்சளவில்தான். சேராவிட்டால் கையில் ஒன்றுமில்லாமல் இன்னொரு வருஷம். அம்மா சேரச் சொன்னாள். "டாக்டரம்மா இல்லாத ஆஸ்பத்திரி உண்டும், நர்சம்மா இல்லாத ஆஸ்பத்திரி உண்டுமா?" என்றாள்.

அப்பா, அடைக்கலசாமி, வண்டூர் ஜெட்டியிலிருந்து டூரிஸ்டுகளைத் தீவுகளுக்குக் கூட்டிப்போகும் போட்டில் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பே மணப்பாட்டிலிருந்து கப்பலேறி அந்தமானுக்கு வந்தவர். நர்சிங் சேதி வந்தது மழைக்காலத்தில். டூரிஸ்ட் இல்லாததால் போட்டைக் கரையில் ஏற்றிவைத்துப் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மறுபடி எழுதுதேன்ப்பா."

"எழுதுனா வந்துருமோ?"

"வரும்."

"போன மட்டமும் அதத்தான சொன்ன." சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நீயும் அதே ஆளு, பரீட்சையும் அதே பரீட்சை. இந்த மட்டம் என்ன மாறிரும்? ஒரு காரணம் சொல்லு மக்களே. ஒண்ணே ஒண்ணு சொல்லு, நானே நர்சிங்கு வேண்டாம்னுருதேன்."

"நல்லாப் படிப்பேன்."

"போன வருசம் மோசமாவா படிச்ச?"

அவர் குத்திக்காட்டவில்லை. நான் படித்ததைப் பார்த்தவர் அவர். தரையில் விழுந்து கிடந்த நீலச் செதில்களைப் பெருக்கிக் குவித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பஸ் பிடித்து போர்ட் பிளேரில் உள்ள ஹேடோவுக்குப் போனேன். அங்கே துறைமுக ஊழியர் குவார்ட்டர்ஸில் அகிலா இருந்தாள். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அவளுக்கும் சீட் வரவில்லை. அவள் வீட்டில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அண்ணன் சீட் வாங்க மூன்று வருஷம் ஆனது என்பதால், முதல் வருஷம் தோற்பதை அம்மை போடுவதுபோல எடுத்துக்கொண்டார்கள்.

"காரணமா? உங்கப்பா என்ன இன்டர்வியூவா எடுக்குறாரு?" என்றாள் அகிலா.

"அவர் கேக்குறது நியாயம்தானே."

"நியாயம்தான். அதான் கடுப்பா இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு செய்வோம். போன பேப்பரையே இன்னிக்கு நீ எழுது, நான் சும்மா உக்காந்து பாக்குறேன். படிச்சுப் படிச்சு என்னத்தக் கிழிச்சோம். ஒருத்தர ஒருத்தர் பாக்கவாச்சும் செய்வோம்."

கட்டிலில் சம்மணம் போட்டு அவள் உட்கார்ந்தாள். நான் மேஜையில் எழுத ஆரம்பித்தேன். கொஞ்சநேரத்தில் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல, நீ எழுது."

மறுபடி சிரித்தாள். அப்புறம் எழுந்து வந்து மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"ஏய், நீ மூணு பேருக்குப் பரீட்சை எழுதுற."

"என்ன?"

"உனக்குத் தெரியலியா? மொதல்ல தமிழப் படிக்கிற. அப்புறம் அந்தப் பக்கம் போயி இங்கிலீஷப் படிக்கிற. சரி, புரிஞ்சிருச்சு, போவான்னு பாத்தா திரும்பத் தமிழுக்கு வர்ற. அதுக்கப்புறம் கணக்குப் போடுறப்ப வாயி முணுமுணுங்குது. என்ன முணுமுணுத்த இப்ப?"

யோசித்துப் பார்த்தேன். "சாத் ஸத்தே உன்சாஸ்." ஏழேழு நாற்பத்தொன்பது.

"தமிழச்சி ஒருத்தி, இங்கிலீஷ்காரி ஒருத்தி, ஹிந்திக்காரி ஒருத்தி. மூணு பேரும் வரிசையா உக்காந்து ஒரே பேப்பர எழுதுறாளுக. டைம் மட்டும் ஒருத்திக்குத்தான் குடுத்திருக்கான்."

அவள் சொன்னது சரிதான். படிவத்தில் தமிழ் என்று போட்டால் வினாத்தாளில் தமிழும் இருக்கும், கூடவே இங்கிலீஷும் இருக்கும். என் கண் முதலில் தமிழுக்குப் போகும். 'கணத்தாக்கு' என்று இருக்கும். அங்கே நிற்கும். இங்கிலீஷுக்குப் போனால் 'இம்பல்ஸ்'. அது தெரியும். தமிழில் வேறு ஏதாவது சொல்லியிருக்கிறானோ என்று திரும்ப வந்து பார்க்கும். பத்தாவது வரை நான் தமிழ் மீடியம். அதற்கு மேல் இங்கிலீஷ். கணத்தாக்கை நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. வாய்ப்பாடு மட்டும் பக்கத்து வீட்டு வங்காளி அக்காவின் டியூஷனில் ஹிந்தியில் படித்தது, அது ஹிந்தியிலேயே தங்கிவிட்டது.

போன மே மாதம் மணி அடித்தபோது இயற்பியலில் பாதிக் கேள்விகளை நான் பார்க்கவே இல்லை. இயற்பியல் கஷ்டமாக இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அதை நானும் நம்பியிருந்தேன்.

அகிலா காலண்டரில் கிழித்த தாளை மடித்துத் தமிழ்ப் பகுதியை மறைத்தாள். அடுத்த பக்கங்களை அப்படியே எழுதினேன். இயற்பியலின் கடைசிக் கேள்வி வரைக்கும் போனேன். போன பிறகும் நேரம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சந்தோசமா இல்லியாடி?"

"தெரியல."

"பாகல், பைத்தியம். காரணம் கெடச்சிருச்சு. போயி அங்கிள்ட்ட சொல்லு."

"சொல்ல முடியாது."

"ஏன்?"

"தமிழ்னு போடச் சொன்னதே அப்பாதான்."

அகிலா தாளைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் படிவம் நிரப்பும்போது அப்பா என் பின்னால் நின்றார். போட்டோ அளவு, கேட்டகரி, அந்த நம்பர், இந்த நம்பர் என்று எதிலும் அவர் வாய் திறக்கவில்லை. மொழிப் பட்டியல் வந்ததும் குனிந்து பார்த்தார். "நம்ம பாஷ இருக்கே," என்றார். "தமிழ்னு போடு மக்களே." அந்தப் படிவம் முழுவதிலும் அவர் சொன்னது அது ஒன்றுதான். நானும் யோசிக்கவில்லை; போட்டேன். மறுநாள் ஜெட்டி முழுக்கச் செய்தி. "எம்மவ டாக்டருக்குத் தமிழ்லயே எழுதுதா." பங்குச் சாமியாரிடமும் சொன்னார். நாள் முழுக்க ஹிந்தியில் கத்திவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் நாங்கள் ஒரு வார்த்தை ஹிந்தி பேசினால் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

"சொல்லாட்டி வெள்ளிக்கிழம நர்சிங்," என்றாள் அகிலா. "சொன்னா உங்கப்பா மூஞ்சிய நீ பாக்கணும். ரெண்டுல எது முடியுமோ அதச் செய்யி."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். கோச்சிங் சேருகிறேன் என்று சொல்லலாம். போன வருஷமும் கோச்சிங் போனேன். உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று சொல்லலாம். அம்மாவுக்குத் தெரியும், இல்லையென்று. வண்டூர் வந்துவிட்டது. இறங்கினேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, காரணம் கேட்டீங்கல்ல."

"சொல்லு."

கணக்குக்கு வழிமுறை எழுதுவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். வினாத்தாளில் இரண்டு மொழியும் வருவது, நான் படிக்கும் முறை, விட்டுப்போன கேள்விகள், இன்று தமிழை மறைத்துவிட்டு எழுதியது. அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"தமிழ் வெளங்கலங்கியா?"

"வெளங்கும்ப்பா. பிசிக்ஸ நான் தமிழ்ல படிக்கலல்ல."

"பத்து வரைக்கும் தமிழ்தான?"

"இது அதுக்குப் பொறவு உள்ள பாடம்."

"அப்பம் ரெண்டுந்தான் அடிச்சிருக்கானே. இங்கிலீஷ மட்டும் பாத்துட்டுப் போவேண்டியதான?"

"கண்ணு மொதல்ல தமிழுக்குத்தான்ப்பா போவுது."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். அம்மா கரண்டியோடு வந்து நிலையில் நின்றாள்.

"அப்பம் நான் சொல்லித்தான் போச்சுங்கிய."

அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். இல்லை என்று சொல்லச் சொல்கிறாள். சொல்லியிருக்கலாம். நானும்தானே யோசிக்காமல் போட்டேன் என்றாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அது பஸ்ஸில் வரும்போது ஞாபகத்தில் இருந்தது. அந்த நேரத்தில் இல்லை.

"ஆமாப்பா," என்றேன்.

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல அது வெளியே வந்துவிட்டது.

"டீக் ஹை," என்றார் அப்பா. சரி என்பதற்கு ஜெட்டியில் சொல்லும் ஹிந்தி.

மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவினார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா பொரித்த மீனைத் தட்டில் வைத்து மூடினாள்.

"சகாயசெல்வி மவளுக்கு நாக்குல நரம்பே இல்லன்னு நாளைக்கு ஊரு சொல்லும்," என்றாள். சகாயசெல்வி அவள்தான்; என்னைத்தான் சொன்னாள். ஆனால் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா தேநீர் டம்ளரோடு நின்றபடி அம்மாவிடம் பேசினார். "சேரலன்னு போன் போட்டுச் சொல்லிரச் சொல்லு. வேற பிள்ளைக்காவது கெடைக்கட்டும்." நான் அதே அறையில்தான் இருந்தேன்.

போன் போட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர், "பக்காவா?" என்று கேட்டார். பக்கா என்றேன். அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வாரத்தில் பாதி நாள் ஹேடோவில் இருந்தேன். அகிலா எழுதும்போது நான் பார்த்தேன். அவள் தெரியாத கேள்வியை விடமாட்டாள், அதோடு சண்டை போட்டு உட்கார்ந்துவிடுவாள் என்பதைக் கண்டுபிடித்தேன். தமிழை மறைக்கத் தாள் வேண்டாம் என்று இங்கிலீஷ் மட்டும் உள்ள பேப்பர்களாக எடுத்து எழுதினேன். வாய் முணுமுணுப்பதை மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்; அந்த ஹிந்திக்காரி வேகமானவள் என்று அகிலா சொன்னாள். மதிப்பெண் ஏறியது. ஏறியதைச் சுவரில் எழுதிவைத்தவள் அவள்தான். நான் பார்த்துச் சரி என்றேன்.

அப்பா என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, பஸ் கெடச்சுதா என்று கேட்பார். தமிழில்தான் கேட்பார். கிறிஸ்மஸ் பூசைக்குப் பிறகு சாமியார், "பொண்ணு இந்தத் தடவையும் நம்ம தமிழ்லதானே?" என்று முதுகில் தட்டியபோது, "படிக்கா சாமி," என்று மட்டும் சொன்னார். ஜெட்டியில் என் பேச்சை எடுப்பதே இல்லை என்று அம்மா சொன்னாள்.

பிப்ரவரியில் படிவம் வந்தது. வண்டூரில் நெட் நின்று நின்று வரும். போட்டோவும் கைரேகையும் ஏற்ற முடியாது. போர்ட் பிளேரில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினேன். சீசன் நேரம், போட்டுக்கு ஆள் காத்து நிற்கும். ஆனாலும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை.

சென்டரில் ஒரு தெலுங்குப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். ஹிந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். இந்த முறை அப்பா என் பின்னால் வந்து நிற்கவில்லை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீடியம்?" என்றாள் அந்தப் பெண்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுவர்ப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"இங்கிலீஷ்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் தமிழர்கள் என்பது அப்பாவின் பெயரிலேயே தெரிந்திருந்தது. இவருக்கு விவரம் தெரியாதுபோல என்று நினைத்திருப்பாள், நல்லவிதமாகத்தான் சொன்னாள். "அங்கிள், தமில் பீ மில்தா ஹை யஹாங்." தமிழும் கிடைக்கும் இங்கே.

"மாலூம் ஹை," என்றார் அப்பா. தெரியும்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு இங்கிலீஷ் என்று போட்டாள். பிறகு திரையை மேலே தள்ளி, பெயர்களெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொன்னாள். பார்த்தேன். அப்பாவின் பெயரில் இங்கிலீஷ் எழுத்து 'ஏ' ஒன்று விட்டுப்போயிருந்தது. எந்த இடத்தில் என்று சொல்லிச் சேர்க்க வைத்தேன்.