முள் ஏறும்வரை

எரிவாயு மயானத்தில் அடுப்பை இயக்குகிறவள் நான். பின்தெருவில் குடியிருக்கும் என் தங்கை என்னோடு பேசி மூன்று மாதமாகிறது. "உன் புகையாலதான் என் புள்ளைக்கு இழுப்பு வந்துச்சு" என்று சண்டை போட்டுவிட்டுப் போனவள்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை மூச்சுக்குப் படும் பாட்டை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

தப்பு எங்களுடையதுதான். அடுப்புக்கு மேலே இன்னோர் அறை உண்டு. கிளம்பும் புகையை எரிப்பதே அதன் வேலை. அது சூடேற முக்கால் மணி நேரமாகும். அழுதுகொண்டு நிற்பவர்களை ஏன் காக்கவைக்க வேண்டும் என்று இரக்கப்பட்டு, சூடேறும் முன்பே உடலை உள்ளே தள்ளிவிடுவோம். மெத்தை, தலையணை, பிளாஸ்டிக் விரிப்பு எல்லாவற்றோடும்தான். அத்தனையும் கரும்புகையாகத் தெருவுக்குள் இறங்கியது.

அன்று காலை, ஊரில் பெரிய மனிதர் ஒருவர் தன் அப்பாவின் உடலோடு வந்தார். மெத்தையையும் விரிப்பையும் எடுத்து ஓரமாகப் போட்டேன். மேலறையின் சூடு காட்டும் முள் எண்ணூற்றைம்பது டிகிரியைத் தொடாமல் கதவைத் திறக்கமாட்டேன் என்றேன். மேலாளர் பல்லைக் கடித்தார்.

"வந்திருக்கறது யாருன்னு தெரியுமா? வேலை போயிடும்மா."

"போனாப் போகட்டும் சார்."

பெரிய மனிதர் நேராக என்னிடமே வந்தார்.

"என்னம்மா தாமதம்?"

"ஐயா, இப்பவே வச்சா புகை தெருவுக்குள்ள போகும். குழந்தைங்க மூச்சுவிட முடியாம தவிக்குதுங்க. முக்கால் மணி நேரம் பொறுத்துக்குங்க."

அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாருக்கும் தொந்தரவு குடுக்காத மனுசன் எங்கப்பா. பொறுக்குறோம்மா" என்றார்.

முள் ஆமை மாதிரி ஏறியது. தொட்டதும் கதவைத் திறந்து உடலை உள்ளே தள்ளினேன். அரை மணி கழித்து வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தேன். புகைக்குழாய்க்கு மேலே வெறும் வானம்!

கைப்பேசி அடித்தது. தங்கை.

"என்னக்கா, இன்னைக்கு அடுப்பு ரிப்பேரா?"

"ரிப்பேரா? முழு வேகத்துல ஓடுதுடி!"



"சாயங்காலம் வீட்டுக்கு வாக்கா. புள்ள உன்னையே கேட்டுக்கிட்டிருக்கான்."

ஜெயித்துவிட்டேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் நிற்கிறார்களே என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.