பழைய பதில்

தகடு அடிக்கும் பிரஸ் மறுபடியும் நின்றது. மேலே போன இரும்புத் தலை அங்கேயே தொங்கியது. கன்ட்ரோல் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. அழகுபாண்டி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, தரையில் சாக்கு விரித்து லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சபிஹாவைப் பார்த்தான்.

“தங்கச்சி, வேப்பிலை ஒடிச்சிட்டு வாரவா? பேய்தேன் புடிச்சிருக்கு இதுக்கு.”

சபிஹா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து இப்படித்தான். தகரக் கூரைக்குக் கீழே ஆறு பிரஸ்கள் கதவுக் கீல் அடித்துக்கொண்டிருந்தன. அடிக்கிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம்.

ஒவ்வொரு பிரஸ்ஸின் வாய்க்கும் இரண்டு பக்கம், குறுக்கே கை வந்தால் கண்டுகொள்ளும் கறுப்புப் பட்டைகள் இருந்தன. எல்லாரும் அதைக் ‘கண்’ என்றார்கள். தகட்டை வைக்கவும் அடித்த கீலை எடுக்கவும் கை உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். கை இன்னும் வெளியே வராதபோது கால் பெடலை மிதித்துவிட்டால், தலை இறங்காமல் இந்தக் கண்தான் தடுக்கும். சரக்கு வாங்குகிற சென்னைக் கம்பெனி வற்புறுத்தியதால் மாட்டியது. கப்பலூரில் இரண்டு தெரு தள்ளி ரவிசங்கர் நடத்தும் சின்னக் கம்பெனியில் செய்த பெட்டி. அதில் புரோகிராம் எழுதுவது சபிஹாவின் வேலை.

பெட்டிக்குள் ஒரு சின்ன சிப் கண்ணைப் படித்துக்கொண்டே இருக்கும். அதுவாக எதையும் சொல்லாது. பெரிய போர்டு இரண்டு கம்பி வழியாக ‘உள்ளே கை இருக்கிறதா?’ என்று ஓயாமல் கேட்கும். கேட்டால் மட்டும் சிப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி வரும் நேரத்தில் சிப் இன்னும் படித்து முடிக்கவில்லை என்றால், ‘பொறு’ என்று கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய போர்டு பொறுக்காது. ஏதோ கோளாறு என்று பிரஸ்ஸை நிறுத்திவிடும். அந்தப் போர்டு வெளியிலிருந்து வாங்கியது. அதன் புரோகிராமில் கைவைக்க முடியாது.

சூப்பர்வைசர் காசிமாயன் வந்து நின்றார். வலது கையில் இரண்டு விரல் இல்லை.

“என்னத்தா, இன்னைக்கு ஆகுமா, இல்ல கண்ணையெல்லாம் புடுங்கி ஒங்க மொதலாளி வாசல்ல கொட்டவா?”

அவள் ரவிசங்கருக்குப் போன் செய்தாள்.

“பதில் ரெடியா இல்லைன்னா எதுக்குப் புடிச்சு வைக்கிற?” என்றார் அவர். “போன தடவை சொன்ன பதிலையே திரும்பக் குடு. கண்ணு மூடித் தொறக்குற நேரத்துல என்ன மாறிரப் போகுது?”

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமும் இல்லை. எழுதி, ஆறு பெட்டியிலும் ஏற்றினாள். அதன் பிறகு ஒரு பிரஸ்ஸும் நிற்கவில்லை. அழகுபாண்டி விசிலடித்தபடி அடித்தான். அவனுக்குப் பீஸ் கணக்கில் கூலி. “பேய ஓட்டிப்புட்டாயா எங்க தங்கச்சி!” என்று பக்கத்துப் பிரஸ்காரனிடம் கத்தினான்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. திருப்பரங்குன்றம் தாண்டும்போது, தலைக்கு மேல் கம்பியைப் பிடித்திருந்த கைகளைச் சும்மா பார்த்துக்கொண்டு வந்தாள். கிரீஸ் படிந்த கை, வளையல் கை, மருதாணி அழிந்த கை. அப்போதுதான் உறைத்தது. கண்ணிலிருந்து வரும் வயர் அறுந்துவிட்டால்? சிப் படித்து முடிக்கவே முடிக்காது. கேட்கிற கேள்விக்கெல்லாம் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கும். கடைசியாகச் சொன்னது ‘கை இல்லை’ என்றால், எந்தக் கை உள்ளே போனாலும் ‘கை இல்லை’தான்.

அவள் கம்பியை விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அத்தா, “ஏம்மா மொகம் வெளுத்திருக்கு?” என்று கேட்டார். வெயில் என்றாள்.

மறுநாள் காலையில் தன் கம்பெனி மேசையில் ஒரு கண்ணை மாட்டி, வயரை உருவிவிட்டு, பட்டைகளுக்கு நடுவே தன் கையை வைத்தாள். பச்சை எரிந்தது. விரல்களை விரித்தாள், மடக்கினாள். பச்சைதான்.

ரவிசங்கர் அதை நின்று பார்த்தார். உருவிக் கிடந்த வயரை எடுத்துப் பார்த்தார்.

“வயர் எதுக்கும்மா அறுகுது?”

“இரும்புத் தூளு சார், ஆயிலு... அதுர்ற எடம். அறும் சார். ரெண்டு மூணு தடவைக்கு மேல பழைய பதில் போச்சுன்னா மிசின நிறுத்துற மாதிரி மாத்தி எழுதிட்டேன். ஏத்திட்டு வந்துர்றேன்.”

“அப்ப மறுபடி நிக்குமா?”

“எப்பவாச்சும் நிக்கும் சார்.”

“சபிஹா, இங்க பாரு. நேத்து ராத்திரி காசிமாயன் கும்புடாத குறையா நன்றி சொன்னாரு. இன்னும் இருவது பெட்டி கேக்குறாங்க. ஓடுற மிசினக் கிண்டாத. கிண்டித்தான் தீருவேன்னா, அப்புறம் இங்க வராத.”

அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. டிப்ளமா முடித்து இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை. ஆனாலும் சாப்பாட்டு இடைவேளையில் லேப்டாப்பைத் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டு அந்த இரண்டு தெருவையும் நடந்தாள்.

காசிமாயன் பெட்டியைத் திறக்க விடவில்லை. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

“நல்லா ஓடுறதுல என்னத்தா ரிப்பேரு?”

“அண்ணே, வயர் அறுந்தா இது காப்பாத்தாதுண்ணே. கை உள்ள இருந்தாலும் எறங்கிரும்.”

“லைட்டு பச்சையாத்தான எரியுது?”

“அதுதாண்ணே பொய்யி!”

பிரஸ் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல், ஓடிக்கொண்டிருந்த அழகுபாண்டியின் பிரஸ்ஸுக்குப் போய், அவன் கை வெளியே வந்த நேரம் பார்த்துக் கண்ணின் வயரைப் பிடித்து உருவினாள். உருவிய முனையைத் தூக்கிக் காட்டினாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது. அழகுபாண்டி கையைப் பின்னால் இழுத்துக்கொள்ள, பக்கத்தில் கிடந்த சவுக்குக் குச்சியை அவள் பிரஸ்ஸின் வாய்க்குள் நீட்டி, “மிதிங்கண்ணே” என்றாள். அவன் மிதித்தான். தலை இறங்கியது. குச்சி நசுங்கி நாராகித் தெறித்தது.

ஆட்கள் கூடினார்கள். இனி இவர்களுக்குப் புரியும் என்று அவள் நினைத்தாள்.

காசிமாயன் தொங்கிய வயரைப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“அடி ஆத்தா! அப்ப கண்ணு இல்லாமலே ஓடுமா?”

“அண்ணே, நான் அதுக்குச் சொல்லல...”

“இம்புட்டு நாளா தெரியாமப் போச்சே. ஆயில் பட்டு வீணாப் போகுது, ஒண்ணு ஒண்ணும் என்னா வெல! கழட்டிப் பத்திரமா வச்சிக்கிருவோம். சென்னைக்காரன் பாக்க வர்றப்ப மாட்டிக்கிட்டாப் போச்சு.”

“கை போயிரும்ணே!”

“நான் ரெண்டு வெரலக் குடுத்துத்தேன் சூப்பர்வைசர் ஆனேன். பாத்து அடிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது. என்னடா மாப்ள?”

அழகுபாண்டி குச்சி நாரைத் தட்டிவிட்டான். சபிஹாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “நிக்காம ஓடுனாப் போதும்ணே,” என்றான்.

காசிமாயனே ஸ்பேனர் எடுத்து ஒவ்வொரு பிரஸ்ஸாகப் போனார். கழற்றிய கண்களை மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் வாயால் ஊதி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, கீறல் விழாமல் வேஸ்ட் பஞ்சில் இரண்டு சுற்றுச் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் படுக்க வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆறு பச்சை விளக்குகளும் எரிந்தன. ஆறு வெறுங்கைகள் தகட்டை வைக்க உள்ளே போய்க்கொண்டிருந்தன.