அக்கா எண்ணிய பூனைகள்

அக்காவின் மனதில் யாரோ இருப்பதாக அம்மாவுக்குச் சந்தேகம். யாரென்று கண்டுபிடித்தால்தான் என்னை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்புவேன் என்றாள். நான் வேலை பார்ப்பது மூளை ஆய்வுக்கூடத்தில். அக்கா வாயைத் திறக்காவிட்டால் தலையைத் திறந்து பார் என்பது அம்மாவின் கணக்கு.

திறக்கத் தேவையில்லை. கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி, திரையில் படங்களை மளமளவென்று ஓடவிடுவோம். தேடச் சொன்ன படம் வந்ததும் மூளையின் அலை ஒரு துள்ளு துள்ளும். தேடச் சொல்லாத படத்துக்கும் துள்ளினால், ஆளுக்கு அதன்மேல் ஒரு கண் என்று அர்த்தம்.

விடுமுறை நாளில் அக்காவை அழைத்துப் போய் உட்காரவைத்து, பூனைகளை மட்டும் எண்ணு என்றேன். நடுநடுவே அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைத் தெரு ஆண்களைக் கலந்திருந்தேன். டெய்லர், வங்கி குமாஸ்தா, பஸ் கண்டக்டர். கூட்டம் போதவில்லை. மீதியை என் கைப்பேசியிலிருந்து எடுத்து நிரப்பினேன்.

பூனைகளுக்குத் துள்ளியது. டெய்லருக்கு அசையவே இல்லை. ஆனால் ஒரு முகத்துக்குப் பூனையைவிட உயரமாக எழுந்தது. எங்கள் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கண்ணாடிக்காரர்.

அந்த அலையை இரண்டு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். போன வாரம் தலைவலி என்றாரே. மாத்திரை எந்தக் கடையில் வாங்கினார்?

தொப்பியைக் கழற்றியபடி, அவரைத் தெரியுமா என்று மெல்லக் கேட்டேன்.

"அந்தக் கண்ணாடியையா? இன்னைக்குத்தான் பாக்குறேன். மத்தவங்க எல்லாம் ஒரு தடவை வந்துட்டுப் போறாங்க. இவர் மட்டும் டீ குடிக்கிறார், ஸ்க்ரூ முடுக்குறார், மேசைமேல தூங்குறார். அடுத்து என்ன பண்ணுவாரோன்னு பாத்ததுல பூனைக் கணக்கே விட்டுப்போச்சு. தூங்குறவரை ஏண்டி படம் எடுத்த?"

நான் தொப்பியின் கம்பிகளைச் சிக்கெடுத்தேன். சிக்கே இல்லை.

"டெய்லரு, கண்டக்டரு எல்லாம் அம்மா ஏற்பாடுதானே? நீங்க தேடுற ஆளு அந்தக் கூட்டத்துலயே இல்ல" என்றாள் அக்கா.

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். மெஷின் என்ன சொன்னது என்று கேட்டாள். அக்கா முந்திக்கொண்டாள்.

"என் மனசுல பூனையத் தவிர யாருமே இல்லையாம், அம்மா. பாவம், இவதான் ரொம்ப உழைச்சிருக்கா. அடுத்த மாசமே வெளிநாட்டுக்கு அனுப்பிடு."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரி என்றுவிட்டாள்.

இத்தனை நாள் நச்சரித்துக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் இனி ஒரு மாதம்தான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தொப்பி எதுவும் இல்லாமலே.